மூன்று ப்ராசஸர், ஒரே பன்னிரண்டு த்ரெட்

இந்தியச் சந்தையில் நடுத்தர விலையில் லேப்டாப் தேடுகிறவர் கண்ணில் மூன்று பெயர்கள் மாறிமாறிப் படும்: இன்டெல் கோர் ஐ5-1335யூ, கோர் ஐ5-13420எச், ஏஎம்டி ரைசன் 5 7530யூ. மூன்றுமே 2023-இல் வந்தவை. மூன்றிலும் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யக்கூடிய வேலை வரிசைகள். உச்ச வேகம் முதல் இரண்டுக்கும் 4.6 கிகாஹெர்ட்ஸ், மூன்றாவதற்கு 4.5. விற்பனைப் பக்கத்தை மட்டும் பார்த்தால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு ஃபைலாக்கினால்) எது வேகம் என்பதில் ஒரு வரிசை வரும். எக்செல்லும் ப்ரவுசருமாக வேலை பார்த்தால் வேறு வரிசை வரும். ஏன் என்று புரிய, அந்த 12 எப்படிக் கூட்டி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

7530யூ-வில் ஆறு கோர்கள் (கணக்குப் போடும் தனித்தனி மூளைகள்), ஆறும் ஒரே ரகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு த்ரெட். கணக்கு நேரானது. 13420எச்-இல் பெரிய கோர் நான்கு, சிறிய கோர் நான்கு. பெரியவற்றுக்கு இரண்டிரண்டு த்ரெட், சிறியவற்றுக்கு ஒவ்வொன்று. எட்டும் நான்கும் பன்னிரண்டு. 1335யூ-வில் பெரிய கோர் இரண்டே இரண்டு, சிறியவை எட்டு. நான்கும் எட்டும் பன்னிரண்டு.

ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்றால் அது இரண்டு கோராகிவிடாது. ஒரு த்ரெட் மெமரியிலிருந்து தரவு வரக் காத்திருக்கும்போது அந்தக் கோரின் கணக்கிடும் பகுதிகள் சும்மா இருக்கும்; அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட்டின் வேலையை நுழைப்பதுதான் ஏற்பாடு. வேலை இதற்கு ஒத்துவந்தால் 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். சிறிய கோர் தனிக் கோர்தான், ஆனால் இளைத்தது. இன்டெல் வடிவமைப்பில் நான்கு சிறிய கோர்கள் சேர்ந்து ஏறத்தாழ ஒரு பெரிய கோரின் இடத்தில் அடங்கிவிடும். 2 எம்பி இரண்டாம் நிலை கேஷை (கோருக்கு அருகிலேயே இருக்கும் சிறு வேக மெமரி) நான்கும் பங்கிட்டுக்கொள்ளும். இந்த இரண்டு சிப்பிலும் அவற்றின் உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு கடிகாரத் துடிப்பில் அவை முடிக்கும் வேலையும் பெரிய கோரைவிடக் குறைவு.

ஆக ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு த்ரெட் மட்டும் கேட்கும் வேலைகளில் (பக்கம் திறப்பது, எக்செல்லில் நீண்ட ஃபார்முலா, பெரும்பாலான அலுவலக மென்பொருள்) இன்டெல்லின் பெரிய கோர்தான் முந்தும். 7530யூ-வில் இருப்பது ஜென் 3, 2020 இறுதியில் அறிமுகமான வடிவமைப்பு. நல்ல கோர், ஆனால் ஒற்றைக்கு ஒற்றை நின்றால் வேகத்தில் இன்டெல்லின் பெரிய கோருக்குப் பின்னால்தான் நிற்கும். பன்னிரண்டு த்ரெட்டையும் நிரப்பும் வேலை வந்தால் கதை மாறுகிறது. அப்போது முடிவு செய்வது கோரின் வடிவம் மட்டுமில்லை, வாட்.

வாட் எங்கே போகிறது

ஒரு சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சக்தி, வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஓர் எல்லைக்கு மேல் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர்கள் குறித்த நேரத்துக்குள் நிலை மாறாமல் கணக்கு தப்பும். வேகம் 25 சதவீதம் ஏற, அதற்கு வோல்டேஜ் 15 சதவீதம் ஏற வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1.25-ஐ 1.15-இன் வர்க்கத்தோடு பெருக்கினால் 1.65. கால் பங்கு வேகத்துக்காக மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் மின்சாரம். உச்ச வேகத்தை நெருங்க நெருங்க இந்த விலை இன்னும் ஏறும். வாட் குறைவாகக் கிடைக்கும் இடத்தில், நிறைய கோர்களை மெதுவாக ஓட்டுவதுதான் கட்டுபடியாகும். 1335யூ-வில் எட்டுச் சிறிய கோர்களை அடுக்கியதற்குக் காரணம் இதுதான்.

1335யூ-வுக்கு இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை அளவு 15 வாட், உச்சம் 55 வாட். 13420எச்-க்கு 45, 95. 7530யூ-வுக்கு ஏஎம்டி சொல்வது 15 வாட். இவை சிப் தயாரிப்பாளர் சொன்ன எண்கள். லேப்டாப் தயாரிப்பாளர் தன் பெட்டியின் தடிமன், ஹீட் பைப், ஃபேன் இவற்றைப் பார்த்து வேறு எண்ணை வைத்துக்கொள்ளலாம், வைக்கவும் செய்கிறார். அந்த எண் விளம்பரத்தில் வராது. ஒரே 1335யூ ஒரு மெல்லிய லேப்டாப்பில் ஓரிடத்திலும், இரட்டை ஃபேன் வைத்த லேப்டாப்பில் வேறிடத்திலும் நிற்பது இதனால்தான். ப்ராசஸர் பெயரை வைத்து மட்டும் இரண்டு லேப்டாப்பை ஒப்பிடும் பட்டியல்களை நான் பொருட்படுத்துவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து ‘சிபியு பேக்கேஜ் பவர்’ வரியில் கண் வைத்துக்கொண்டு, சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருளின் மல்டி கோர் சோதனையைத் தொடங்குங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும், விண்டோஸ் பவர் மோடு உச்சத்தில் இருக்கட்டும். இன்டெல் சிப் என்றால் முதல் நொடியிலேயே வாட் குதித்து ஏறும். அது இரண்டாம் வரம்பு, பிஎல்2. பிறகு பல லேப்டாப்களில் அரை நிமிடத்தை ஒட்டி எண் சரிந்து ஒரு மட்டத்தில் படியும். அது முதல் வரம்பு, பிஎல்1. நடுவில் இருக்கும் காலத்துக்கு டாவ் என்று பெயர், 28 நொடி என்பது பரவலாக வைக்கப்படும் மதிப்பு. சிப் கண்காணிப்பது அந்த நொடியின் வாட்டை அல்ல, டாவ் காலத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் சராசரியை. அந்தச் சராசரி பிஎல்1-ஐத் தொடும்வரை உச்சத்தில் ஓட அனுமதி. சற்று நேரம் சும்மா இருந்தால் சராசரி இறங்கி, அடுத்த பாய்ச்சலுக்கு இடம் கிடைத்துவிடும். ஏஎம்டி-யும் இதே வேலையை ஃபாஸ்ட், ஸ்லோ, ஸ்டேப்எம் என்று மூன்று வரம்புகளை வைத்துச் செய்கிறது.

பத்து நிமிடம் ஓடிய பிறகு அந்த வரி காட்டும் எண்தான் உங்கள் லேப்டாப்பின் உண்மையான வாட். சில நொடி ஓடி இடைவெளி விட்டு மறுபடி ஓடும் சோதனைகளில் மெல்லிய லேப்டாப்பும் நல்ல மதிப்பெண் வாங்கும், ஏனென்றால் அவை பிஎல்2-வுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வேலை பத்துப் பத்து நொடியாக வந்து போகிறவருக்கு அந்த மதிப்பெண் பொய்யுமில்லை. ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவருக்குத்தான் அது உதவாது. நீண்ட ஓட்டத்தில் 15 வாட்டில் நிற்கும் 1335யூ-வும் 7530யூ-வும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். 45 வாட் பெறும் 13420எச் இரண்டையும் விட்டு விலகிப் போகும். விலை, ஃபேன் சத்தம், தடிமன், பேட்டரி ஆகியவற்றில் அதற்கான பாக்கியை வசூலித்தும் விடும்.

வெப்ப வரம்பு தனி. இந்த இன்டெல் சிப்கள் 100 டிகிரி செல்சியஸிலும் 7530யூ 95-இலும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். குளிர்விக்கும் அமைப்பு நகர்த்தும் வெப்பம், சிப்புக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 23 டிகிரி அறையில் சோதித்தவருக்கு வித்தியாசம் 77. ஏசி இல்லாத மே மாத வேலூர் வீட்டில் 36 டிகிரி என்றால் 64. வெப்ப வரம்பை முட்டிக்கொண்டு ஓடும் லேப்டாப் என்றால் தாங்கும் வாட் 17 சதவீதம் குறையும். மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கு இங்கே தலைகீழாக நமக்கு உதவுவதால் வேகம் அந்த அளவுக்கு விழாது, ஆறேழு சதவீதம் குறையும். மெத்தையில் வைத்து அடியிலுள்ள காற்றுத் துளைகளை மூடினால் ஆகும் நஷ்டம் இதைவிடப் பெரிது.

ராம் ஒற்றையா, இரட்டையா

ப்ராசஸருக்காக ஐயாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டு ராமில் கோட்டைவிடுவது சாதாரணமாக நடக்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் (ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவிலுள்ள தரவுப் பாதை) நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரவைக் கொண்டுவரும்; இரண்டு சேனல் என்றால் 51.2. இந்தச் சிப்களின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதுவும் இதே வழியில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 8 ஜிபி ஒற்றைத் துண்டோடு, அதாவது ஒற்றைச் சேனலோடு, வரும் லேப்டாப்பில் கேமும் வீடியோ எடிட்டிங்கும் திணறுவதற்கு முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். 1335யூ-வில் இது வெளிப்படையாகவே தெரியும்: ஒற்றைச் சேனல் ராம் இருந்தால் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ கிராபிக்ஸ் தன் பெயரையே ‘யூஎச்டி கிராபிக்ஸ்’ என்று காட்டும். இரண்டாவது துண்டைப் போட்டதும் பெயர் திரும்பி வரும். 13420எச்-இல் என்ன செய்தாலும் யூஎச்டி-தான். 1335யூ-வின் 80 கிராபிக்ஸ் அலகுகளுக்கு அதில் 48-தான். தனி கிராபிக்ஸ் கார்டோடு சேர்த்து விற்கவே அந்தச் சிப் உருவானது.

போர்டிலேயே 8 ஜிபி பற்றவைத்து, ஒரு ஸ்லாட் காலியாக விட்ட லேப்டாப்பில் 16 ஜிபி துண்டைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலாகவும் மிச்ச 8 ஒற்றையாகவும் ஓடும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் வெட்டு வேறு, ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. 1335யூ லேப்டாப்கள் இரண்டு வகையிலும் வருவதால் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். 7530யூ என்றால் டிடிஆர்4 குடும்பம் மட்டுமே. எல்பி என்று தொடங்கும் ராம் பெயரைக் கண்டால் அது அநேகமாகப் போர்டில் பற்றவைத்ததுதான். பிறகு கூட்ட வழியில்லை, 16 ஜிபி-யாகவே வாங்குங்கள்.

வீடியோ வேலை செய்கிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கும் கேமராக்களில் 4:2:2, 10-பிட், எச்.265 என்ற வடிவம் இப்போது சகஜம். இந்த இன்டெல் சிப்களின் கிராபிக்ஸில் அதைப் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று இருக்கிறது. 7530யூ-வில் இல்லை. அங்கே முழுப் பாரமும் கோர்கள் மேல் விழுந்து, டைம்லைனை இழுக்கும்போது படம் விக்கும். யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வடிவத்துக்கும் 7530யூ-வில் தனிச் சுற்று கிடையாது.

பெயரில் இருக்கும் பள்ளம்

7530யூ என்று நினைத்து 7520யூ வாங்கிவருகிறவர்கள் உண்டு. ஓர் எண்தானே வித்தியாசம் என்றால், அந்த எண்தான் விஷயம். ஏஎம்டி-யின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம் கோரின் தலைமுறையைக் குறிக்கிறது: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யூ-வில் 2019-இல் அறிமுகமான ஜென் 2 கோர் நான்கே நான்கு, 8 த்ரெட், மூன்றாம் நிலை கேஷ் 4 எம்பி. 7530யூ-வில் அது 16 எம்பி. போதாதற்கு 7520யூ-வின் ராம் எப்போதும் பற்றவைத்தது. ஆனாலும் இரண்டின் மேலும் ‘ரைசன் 5’ என்ற ஸ்டிக்கர்தான். முதல் இலக்கமான 7 சந்தைக்கு வந்த ஆண்டு வரிசையை மட்டுமே சொல்கிறது. புதுமைக்கு அது சாட்சியில்லை.

இன்டெல் பக்கத்திலும் பெயர் விளையாட்டு உண்டு. 2024-இல் ‘ஐ’ எழுத்தை உதறிவிட்டு வந்த கோர் 5 120யூ, 1335யூ-வின் அதே இரண்டு பெரிய, எட்டுச் சிறிய கோர் அமைப்புதான். உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் ஆனது. கோர் அல்ட்ரா 5 125எச் உண்மையிலேயே வேறு சிப்: நான்கு பெரிய, எட்டுச் சிறிய, இன்னும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் இரண்டு கோர், மொத்தம் 18 த்ரெட். ஆக ‘அல்ட்ரா’ என்ற ஒரு சொல்தான் இங்கே பழையதையும் புதியதையும் பிரிக்கிறது. ஏஐ வேலைக்கான என்பியு அதிலும் உண்டு, ஆனால் ஏஐ வசதிகளுக்கான விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் கோபைலட் ப்ளஸ் அடையாளத்துக்குக் கேட்கும் 40 டாப்ஸை (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) அது எட்டாது. அந்த அடையாளத்துக்காக இப்போதே பணம் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இன்டெல், ஏஎம்டி இரண்டிலிருந்தும் வேறான ஆர்ம் கட்டமைப்பில் வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களும் இந்த விலைக்கு இறங்கி வருகின்றன. பேட்டரியில் அவை நல்ல பெயர் எடுத்தவை. வழக்கமான விண்டோஸ் மென்பொருளை மொழிமாற்றி ஓட்டிவிடும். டிரைவர்களை (கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி வைத்து வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகமோ இ-சேவை மையமோ என்றால் முதலில் அந்த டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பில் போட வேண்டும்.

கடையில் நிற்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமென்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு பகுதியில் முழுப் பெயர், கோர் எண்ணிக்கை, எல்3 கேஷ் இருக்கும். மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். 10 கோர், 12 த்ரெட், 12 எம்பி என்றால் 1335யூ ரகம். 8 கோர், 12 த்ரெட் என்றால் 13420எச். 6 கோர், 16 எம்பி என்றால் 7530யூ.

வாங்கிய பிறகு எப்போதாவது அதே பக்கத்தில் வேகம் 0.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அசையாமல் நின்று, எல்லாம் ஆமையாகிவிட்டால் ப்ராசஸர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது போர்டு அனுப்பும் ‘ப்ராக்ஹாட்’ என்ற எச்சரிக்கைச் சமிக்ஞை சிக்கிக்கொண்டது. சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணாதபோதும், பேட்டரி கெடும்போதும், 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகும்போதும் இது வரும். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, லேப்டாப்போடு வந்த சார்ஜரையே செருகி ஆன் செய்து பாருங்கள். தீரவில்லை என்றால் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கும் அசையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் சார்ஜிங் போர்ட்டையும் பேட்டரியையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.