'ஹியூமன் சேர்விசஸ்': மக்கள் நலப்பணி

உயர்தரப் பரீட்சை முடிந்த பிள்ளைகளோடு கொழும்பில் வெளிநாட்டுப் படிப்பு விசாரிக்கப் போகும் பெற்றோரின் கையில் வந்து சேரும் கையேடுகளில் 'பச்சலர் ஒஃப் ஹியூமன் சேர்விசஸ்' என்று ஒரு பட்டம் இருக்கும். பார்த்ததும் பலர் கேட்பது, "இது எச்.ஆர். தானே?" என்றுதான். இல்லை. எச்.ஆர். என்பது மனித வள முகாமைத்துவம். ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது, சம்பளம், பதவியுயர்வு என்று போகும் படிப்பு. ஹியூமன் சேர்விசஸ் வேறு. வறுமை, முதுமை, உடற்குறைபாடு, போதைப்பொருள், வீட்டு வன்முறை, மனநோய் என்று ஏதோ ஒன்றில் சிக்கி நிற்கும் மனிதருக்குத் துணை நின்று, அவருக்குரிய உதவியை அவரிடம் கொண்டு சேர்க்கும் தொழிலுக்கான படிப்பு இது.

இந்தச் சொல் வேரூன்றிய இடம் அமெரிக்கா. 1963 இல் கென்னடி கையொப்பமிட்ட சமூக மனநலச் சட்டம், பெரிய மனநோய் மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே பராமரிப்புக் கொடுக்க வழி திறந்தது. வழி திறந்தது சரி, வேலை செய்ய ஆள் எங்கே? வைத்தியரும் உளவியலாளரும் போதவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து கல்லூரிகள் குறுகிய காலப் படிப்புகளைத் தொடங்கின. ஒரு துறையில் மட்டும் நிபுணராக இல்லாமல், ஒரு மனிதரின் முழுச் சிக்கலையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பணியாளரை உருவாக்குவதுதான் நோக்கம். 1975 இல் இத்துறையினருக்கென்று தேசிய அமைப்பு ஒன்று பிறந்தது. 1980 இல் அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, நலன்புரித் திணைக்களத்திலிருந்து கல்வி தனியாகப் பிரிந்தபோது, மிஞ்சியதன் பெயரில் 'வெல்பெயார்' போய் 'ஹியூமன் சேர்விசஸ்' ஏறியது.

'முழுச் சிக்கலையும் சேர்த்துப் பார்ப்பது' என்றால் என்ன? நம் ஊர் ஆட்களை வைத்தே பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மம்மா, ஏழு வயதுப் பேரன். தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் இல்லை. பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவேயில்லை, அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது இழுபடுகிறது. அம்மம்மாவுக்கு நீரிழிவு, கால் புண். பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்பார்கள், இன்னொரு மேசையில் பதிவாளரிடம் போகச் சொல்வார்கள், மூன்றாவது மேசையில் கொடுப்பனவுக்குப் படிவம் நீட்டுவார்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் அதை நிரப்ப இன்னொருவரைத் தேட வேண்டும். ஒவ்வொரு மேசையும் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் அந்தக் குடும்பத்தை முழுதாகப் பார்த்தவர் எவருமில்லை. பிள்ளையின் பதிவு, பள்ளிக்கூடம், கிழவியின் கிளினிக், தாயோடு தொடர்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, கடைசிவரை கூடவே நடப்பதைத்தான் இந்தப் படிப்பில் 'கேஸ் மனேஜ்மென்ட்' என்று கற்பிக்கிறார்கள். அதோடு மனித நடத்தை, நேர்காணும் திறன், சமூகக் கொள்கை, தொழில் ஒழுக்கம், அப்புறம் கட்டாயக் களப்பயிற்சி.

சமூகப்பணியும் இதுவும் ஒன்றா? உறவு நெருக்கம், ஆனால் ஒன்றல்ல. நம் நாட்டில் சமூகப்பணிக்கான முறையான பயிற்சி 1952 இல் கொழும்பில் தொடங்கியது. அந்த நிறுவனமே பின்னர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாகி, 2005 இல் சமூகப்பணி இளமாணிப் பட்டத்தையும் ஆரம்பித்தது. அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்குள்ள சமூகப்பணியாளர் சங்கம் அங்கீகரிப்பது சமூகப்பணிப் பட்டங்களை. ஹியூமன் சேர்விசஸ் பட்டம் அந்தத் தகுதிக்குப் பதிலாகாது. பணம் கட்டுவதற்கு முன்பே முகவரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

இனி தமிழுக்கு வருவோம். 'மனித சேவைகள்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுவது இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அது உவப்பில்லை.

'சேவை' வடசொல். அதன் வேருக்கு அருகிலிருத்தல், பணிவிடை செய்தல், வழிபடுதல் என்று பொருள். வைணவர்கள் பெருமாளைச் 'சேவிப்பது' இந்தப் பொருளில்தான். இலங்கையில் அது அரச உத்தியோகத்துக்கும் பெயராகி, நிர்வாக சேவை, சேவைக்காலம் என்று நிலைத்துவிட்டது. சமூக சேவைகள் திணைக்களத்தின் பெயரை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பொதுப்பேச்சில் 'சேவை செய்கிறார்' என்றால் கூலி வாங்காமல் பெரிய மனதோடு கொடுப்பவர் என்ற நினைப்பே முதலில் வருகிறது. பொன்னாடை போர்த்துவதும் அதற்குத்தான். சம்பளத்துக்கு, பயிற்சியோடு, பதில் சொல்லும் கடமையோடு செய்யும் தொழிலுக்கு இந்த நினைப்பு கெடுதல். உதவி பெறுபவரும் தன் உரிமையைக் கேட்கிறோம் என்று நினைக்காமல், யாரோ தரும் தயவுக்குக் காத்திருப்பவராகிவிடுகிறார். 'தொண்டு' நல்ல தமிழ், ஆனால் அதிலும் கைம்மாறு கருதாமை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'பணி' அப்படியல்ல. பணிதல் என்ற வினையும் அதுவே, வேலை என்ற பெயரும் அதுவே. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பர், பணியைக் கடன் என்றார், கடமை என்ற பொருளில். 'மனித' என்பதை விட 'மக்கள்' பொருத்தம். அது தனி மனிதரைப் பேசாமல் கூட வாழ்பவர்களைப் பேசுகிறது. மக்கட்பேறு என்னும்போது பிள்ளைகளையும் குறிக்கிறது. நடுவில் 'நலம்' சேர்த்தால் எதற்கான பணி என்பதும் தெளிவாகும்.

ஆகவே துறைக்கு மக்கள் நலப்பணி, பட்டத்துக்கு மக்கள் நலப்பணி இளமாணி. இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 'மக்கள் நலப்பணியாளர்' என்பது 1989 இல் கிராம ஊராட்சிகளுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு பதவியின் பெயர். அங்குள்ளவர்களுக்கு எழுதும்போது 'மக்கள் நலப்பணிப் பட்டதாரி' என்று எழுதினால் குழப்பம் வராது. இங்கே அந்தத் தடை இல்லை. பணியாளர் என்றே எழுதலாம். உதவி நாடி வருபவரை 'பயனாளி' என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. 'சேவை பெறுநர்' என்று அலுவலகங்களில் வழங்குவதே அதைவிட மரியாதையாக இருக்கிறது. சேவை என்ற சொல் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.