'பரிந்துரை' வேண்டாம், 'நியாயம் பேசுதல்' போதும்

எண்ணூர், ராயபுரம் பக்கம் சபை அறிவிப்புகளில் 'ஏழைகளுக்கான பரிந்துரை ஊழியம்' என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. அடுத்தவருக்காகக் குரல் கொடுப்பதைச் சொல்லும் ஆங்கில 'அட்வகேசி'க்கு யாரோ செய்த தமிழாக்கம்.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன் 'அட்வொகாத்துஸ்', துணைக்கு அழைக்கப்பட்டவர். கிரேக்க 'பரக்லேத்தோஸ்' என்பதற்கும் ஏறக்குறைய அதே பொருள். நம் பழைய வேதாகமம் அதை யோவான் சுவிசேஷத்தில் 'தேற்றரவாளன்' என்றும், 1 யோவான் 2:1-ல் 'பரிந்து பேசுகிறவர்' என்றும் சொல்கிறது.

பரிவோடு உரைப்பதுதானே பரிந்துரை என்று கேட்கலாம். வழக்கில் அது சிபாரிசு. டாக்டர் மருந்தைப் பரிந்துரைக்கிறார், குழு அரசுக்குப் பரிந்துரைக்கிறது. ஏற்பதும் தள்ளுவதும் கேட்பவர் விருப்பம். நீதிமொழிகள் 31:8 அப்படியா இருக்கிறது? "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற." லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தி இது. தீர்ப்புச் சொல்லும் இடத்திலேயே இருப்பவன் யாரிடம் போய்ச் சிபாரிசு செய்வான்? அடுத்த வசனம் இன்னும் தெளிவு: "நியாயஞ்செய்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துப்போயின. மீனவர்கள் கேட்ட இழப்பீடு அவர்களுக்குச் சேரவேண்டியது. அதற்காகச் சபை வாய் திறப்பதைப் 'பரிந்துரை' என்று எழுதினால் உரிமை சலுகையாகிவிடுகிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'வக்காலத்து' என்று சிலர் சொல்கிறார்கள். வக்கீல் பிறந்த அதே அரபு வேர், கோர்ட்டுக்குப் பொருந்தும். ஆனால் நம் தெருவில் "அவனுக்கு நீ இன்னா வக்காலத்து?" என்றால் சண்டைதான். 'முறையிடுதல்' நல்ல தமிழ், ஆனால் பாதிக்கப்பட்டவரே முறையிடலாமே; அடுத்தவருக்காகப் பேசுவது அதில் தொனிக்காது.

'நியாயம் பேசுதல்' காசிமேட்டில் யாருக்கும் விளக்கவேண்டாத சொல். வசனத்தில் இருப்பதும் நியாயம்தான். வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் மறுப்பார்கள். தூய்மையில் எனக்கும் பற்று உண்டு, ஆனால் இந்த இடத்தில் தெளிவுக்குத்தான் என் ஓட்டு.

திட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அகராதியைப் புரட்டுகிறவர்களால் வரும் வினை இது. 'குரலற்றவர்களின் குரல்' என்பதும் அவர்கள் கொடுத்ததே. காசிமேட்டு ஏலத்தில் நின்று பார்த்தவர் அங்கே யாரைக் குரலற்றவர் என்பார்? குரல் இருக்கிறது, அதிகாரிகள் காதில்தான் ஏறவில்லை. அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் சபையிலுள்ள ஒரு மீன்காரம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த வார்த்தை ஆகாது என்று அவரே சொல்லிவிடுவார்.