இயங்கு மூப்பு: ‘ஆக்டிவ் ஏஜிங்’குக்குச் ‘சுறுசுறுப்பு’ ஏன் போதாது?

மூத்தோர் குடியிருப்புகளின் விளம்பரத் தாள்களில் ‘ஆக்டிவ் ஏஜிங்’ என்ற தொடர் தவறாமல் இருக்கும். தமிழில் போடும்போது ‘சுறுசுறுப்பான முதுமை’ என்று எழுதி, பக்கத்தில் ஓட்டக் காலணி மாட்டிய பாட்டி ஒருவரின் படத்தை வைப்பார்கள். சொல்லில் உள்ள பிழையே படத்திலும் இருக்கிறது.

தொடரின் பொருள் எங்கே நிலைபெற்றது என்று பார்த்தால் பிழை விளங்கும். 2002 ஏப்ரலில் மாட்ரிட் நகரில் மூப்பு குறித்த இரண்டாம் உலகப் பேரவை கூடியது. அதற்கென உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கொள்கைச் சட்டகத்தின் தலைப்பே ‘ஆக்டிவ் ஏஜிங்’. வயது ஏற ஏற வாழ்க்கைத் தரம் உயரும்படி உடல்நலம், பங்கேற்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் உள்ள வாய்ப்புகளைப் பெருக்கும் செயல்முறை என்று அது வரையறுத்தது. ‘ஆக்டிவ்’ என்பது உடலால் ஓடியாடுவதையோ வேலைக்குப் போவதையோ மட்டும் குறிக்காது, சமூக, பண்பாட்டு, ஆன்மிக, குடிமை வாழ்வில் தொடர்ந்து பங்கேற்பதைக் குறிக்கும் என்றும் அந்த ஆவணமே சொல்கிறது. நோயாளியும் உடற்குறை உள்ளவரும் இதில் அடக்கம். படுக்கையில் இருந்தபடி பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் ‘ஆக்டிவ்’தான். அவரைச் ‘சுறுசுறுப்பானவர்’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

இதற்கு முன்னோடியாக ஒரு தொடர் உண்டு: 1987இல் ரோ, கான் என்ற ஆய்வாளர் இருவர் பரப்பிய ‘வெற்றிகரமான மூப்பு’. அதில் ஒரு முள் இருந்தது. வெற்றி என்று ஒன்று இருந்தால் தோல்வி என்றும் ஒன்று இருக்கும். மூட்டு தேய்ந்தவர் தோற்றவரா? ‘ஆக்டிவ்’ வந்ததும் அந்த முள் பாதி விலகியது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் ‘நலமான மூப்பு’ என்று பெயரை மாற்றி, அதன் மையத்தில் இயங்குதிறனை வைத்தது. ஒருவருடைய உள்ளார்ந்த ஆற்றலும் அவரைச் சூழ்ந்த இடமும் சேர்ந்து அவர் மதிக்கும் காரியங்களைச் செய்ய இடம் தருவதே இயங்குதிறன். 2021 முதல் 2030 வரையிலான ஐ.நா. பத்தாண்டும் இந்தப் பெயரில்தான் நடக்கிறது.

அடுத்தது ‘ஏஜிங்’. இது நிலையைச் சொல்லும் சொல் அல்ல, நிகழ்வைச் சொல்லும் சொல். முதுமை என்பது வந்து சேர்ந்த நிலை. மூத்தல், மூப்படைதல் என்பவை நடந்துகொண்டிருப்பவை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. மூத்தோர், மூதாட்டி, மூதூர், முதுமொழி எல்லாம் அதன் கிளைகள். புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் கிழவர் தம்மைப் ‘பெருமூதாளர்’ என்கிறார். ‘வயோதிகம்’ வடசொல் வழி வந்தது. இன்று பேச்சில் தளர்ச்சியின் வாடையோடுதான் ஒலிக்கிறது. ‘கிழவன்’ என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் உரிமையுடையவன், தலைவன். கிழமை என்றால் உரிமை. உரிமையைக் குறித்த சொல் இன்று வசையாகிக் கிடக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ் ஊடகங்கள் ‘துடிப்பாக மூப்படைதல்’ என்று எழுதுகின்றன. ‘மூப்படைதல்’ சரி. ‘துடிப்பு’ மறுபடியும் உடலின் வேகத்தையே காட்டுகிறது. நமக்குப் பொருத்தமாகப் படுவது ‘இயங்கு மூப்பு’. இயங்குதல் என்பது நடப்பதற்கும் செயல்படுவதற்கும் பொது. இயங்குதிறனோடும் ஒட்டும். இது வினைத்தொகை என்பது கூடுதல் வசதி: இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் மூப்பு என முக்காலமும் அதற்குள் மறைந்திருக்கிறது. மூப்பு அறுபதில் தொடங்குவதில்லை, வாழ்நாள் முழுதும் நடக்கிறது என்பது 2002 ஆவணத்தின் அடிப்படை. காலம் காட்டாத தொடர் அதற்கு இயல்பாகவே அமைகிறது.

சொல் பிழையானால் குடியிருப்பின் கால அட்டவணையும் பிழையாகும். ‘சுறுசுறுப்பு’ என்று எழுதிய இடத்தில் காலையில் ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து கையை வீசும் பயிற்சி இருக்கும், அதோடு சரி. கைக்கு அசைவு கிடைக்கும், தொடைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் கழிப்பறையிலிருந்து எழுப்பிவிடுவது தொடைதானே. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, வாரத்தில் 2 நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி, 3 நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி தேவை. குடியிருப்புகளில் பெரும்பாலும் விடுபடுவது கடைசி இரண்டும்தான்.

தொடை வலுவை அறிய 30 விநாடி நாற்காலிச் சோதனை போதும். இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ. இருக்கும், கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். சக்கர நாற்காலியும் மெத்தை அமுங்கும் சோபாவும் கூடாது. இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ண வேண்டும். 70–74 வயதில் ஆணுக்கு 12க்கும் பெண்ணுக்கு 10க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. விழும் ஆபத்தைக் கவனிக்க வேண்டும். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு சுழியம். அந்தச் சுழியத்தைப் பரிவு காட்டி 8 என்று எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அடுத்த மூன்று மாதத்தில் அவர் உண்மையிலேயே தேறினாரா என்பது அதோடு தெரியாமல் போகும். இதே எழுந்தமர்தலைப் பயிற்சியாகவும் வைக்கலாம். பத்துப் பத்தாக இரண்டு சுற்று எளிதாகிவிட்டால், மூன்று எண்ணும் வரை மெதுவாக அமரச் சொல்ல வேண்டும். எழும்போது மூச்சை வெளிவிட வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். எழுந்ததும் தலைசுற்றினால் பயிற்சியை நிறுத்தி, படுத்த நிலையிலும் நின்ற பிறகும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அளவு இறங்கினால் மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பார்ப்பது அடுத்த வேலை.

பங்கேற்பு என்ற தூணுக்கு 1976இல் உளவியலாளர்கள் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் செய்த ஆய்வு நல்ல சான்று. ஒரு தளத்தாரிடம், செடி வேண்டுமா, எது வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், தண்ணீரும் நீங்களே ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தாருக்குச் செடியைக் கொடுத்து, செவிலியர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். சில வாரங்களில் முதல் தளத்தாரிடம் விழிப்பும் ஈடுபாடும் கூடின. ஆகவே விழாவுக்கு எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. பட்டியல் போட்டவர், வரவேற்றவர், நாற்காலி எடுத்துவைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

‘பாதுகாப்பு’ மற்ற இரண்டையும் விழுங்கிவிடுவதும் உண்டு. விழுந்துவிடுவார் என்று உட்காரவைத்தால் தசை இளைக்கும், தசை இளைத்தால் விழுவார். உணவுத் தட்டை ஏந்திப் போவது, சட்டைப் பொத்தானைப் போடுவது போன்றவற்றைப் பணியாளர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். மூத்தவருக்கு எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடத்துக்குக் கால அட்டவணையில் இடம் விடாத இல்லத்தில் சில மாதத்தில் கை அந்த வேலையை மறந்துவிடும்.

உடன்வரும் ‘வெல்னஸ்’ பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்தில் பழைய சொல்தான். 1959இல் அமெரிக்க மருத்துவர் ஹால்பர்ட் டன் ‘உயர்நிலை வெல்னஸ்’ என்று எழுதிய பிறகே இன்றைய பொருள் ஊன்றியது. நோயின்மையைத் தாண்டி, தன்னால் இயன்ற அளவு நன்றாக வாழ்வதை அது குறிக்கும். ‘உடல்நலம்’ குறுகியது, ‘நல்வாழ்வு’ அரசுத் துறைப் பெயர்களில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘நலவாழ்வு’ பொருந்தும்.

‘சீனியர் லிவிங் கம்யூனிட்டி’யை ‘முதியோர் இல்லம்’ என்றால் கைவிடப்பட்டவர் சேரும் இடம் என்ற தொனி வருகிறது. தனித்து வாழ்வோர், துணையோடு வாழ்வோர், முழுநேரப் பராமரிப்பில் உள்ளோர் என எல்லாரும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ‘மூத்தோர் குடியிருப்பு’ என்பதே நேர்ச்சொல். அறிவிப்புப் பலகையில் ‘இன்று இயங்கு மூப்பு வகுப்பு’ என்று மட்டும் எழுதினால் புரியாது. ‘காலை 7 மணி: எழுந்தமர்தல், ஒற்றைக்கால் நிற்றல், நடத்துபவர் மூன்றாம் தளத்தார்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.