மரீன் டிரைவிலா, காலி வீதியிலா, ரயிலிலா?

காலை ஏழேகால். வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன். மறுகாலுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். பாணந்துறையிலிருந்து நிரம்பி வந்த பஸ். “உள்ளே போங்கள்” என்கிறார் நடத்துநர், உள்ளே என்று ஒன்று மிச்சம் இருப்பதுபோல. இதே நேரத்தில் என் மச்சான் மரீன் டிரைவ் வழியாக ஓட்டோவில் போகிறார். மேல்மாடி அக்கா ரயிலில் ஏறியிருப்பார். மூவருக்கும் கந்தோர் கோட்டையில்தான். காலி வீதி, அதற்குக் கடற்பக்கமாக மரீன் டிரைவ், அதை ஒட்டியே தண்டவாளம், அப்பால் கடல். எல்லாம் சில நூறு மீற்றருக்குள் அடக்கம்.

மூவரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் கணினியைக் கேட்டால், நாங்கள் மூவரும் ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு ஒரே மாதிரிப் போனோம் என்றுதான் அது சொல்லும். கொழும்பின் நெரிசலை, இப்படித் தொலைபேசிகளிலிருந்து குவியும் பெருந்தரவைக் கொண்டு ஆராய்வதன் பலமும் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

நீங்கள் ஓர் அழைப்பை எடுத்தாலும், குறுஞ்செய்தி அனுப்பினாலும், நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி விழும். எந்த இணைப்பு, எத்தனை மணி, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் ஊடாக. பேசிய பேச்சு அதில் இல்லை. கடைக்காரர் கொப்பியில் கடன் எழுதுவதுபோல, கட்டணம் அறவிடுவதற்காக எழுதப்படும் வரி அது. ஆனால் கோபுரம் இருக்கும் இடம் தெரியும் என்பதால், அந்த நேரத்தில் நீங்கள் ஏறத்தாழ எங்கே இருந்தீர்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. நகரத்தில் இந்த ‘ஏறத்தாழ’ சில நூறு மீற்றர். கிராமப்புறங்களில் சில கிலோமீற்றர்.

கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், பெயரும் இலக்கமும் நீக்கப்பட்ட இப்படியான பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்களிடம் பெற்று ஆராய்ந்தது. கணக்கின் அடிப்படை எளியது. இரவு நேரத்தில் ஓர் இணைப்பு அடிக்கடி தொடும் கோபுரத்தின் அருகே வீடு. வேலை நாட்களில், முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை அடிக்கடி தொடும் கோபுரத்தின் அருகே வேலைத்தளம். ஒருநாள் தவறலாம், ஒரு வாரம் தவறலாம். மாதக்கணக்கில் பார்க்கும்போது பழக்கம் தானாகத் துலங்கிவிடும். பிறகு ஒரு பெரிய அட்டவணை: நிரல்களில் புறப்படும் பகுதிகள், நிரைகளில் போய்ச் சேரும் பகுதிகள், கட்டங்களில் ஆட்கள். எல்லோரும் ஒரே அளவுக்குப் பேசுவதில்லை, எல்லோரிடமும் தொலைபேசி இல்லை என்பதால், குடிசன மதிப்பீட்டின் எண்ணிக்கையோடு பொருந்தும்படி அந்தக் கட்டங்களைப் பெருக்கிச் சரிசெய்வார்கள்.

விடை என்ன? அந்தப் பதிவுகளின்படி, பகலில் கொழும்பு மாநகருக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு 46.9 பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாநகர சபை எல்லைக்குள் வசிப்பவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர். பரப்பு வெறும் 37 சதுர கிலோமீற்றர். அந்தச் சிறு நிலம் தன் ஆட்களுக்கு ஏறக்குறைய இணையான இன்னொரு கூட்டத்தைக் காலையில் உள்வாங்கி மாலையில் வெளியே விடுகிறது. என்னைக் கவர்ந்தது அந்த மொத்த எண் அல்ல, அதன் பங்கீடு. வெளியிலிருந்து வருபவர்களில் முதலிடம் மஹரகமைக்கு. அதுவே பகல்நேரக் கூட்டத்தில் நூற்றுக்கு நான்கைத் தொடவில்லை. அடுத்து கொலன்னாவை, கடுவெல. தெற்கே தெஹிவளை, வடக்கே வத்தளை, களனி என்று எல்லாத் திசையிலிருந்தும் மெல்லிய ஓடைகளாக வருகிறார்கள். பெரிய ஆறு ஒன்று வந்தால் அணை கட்டலாம். பத்து ஓடைகளுக்கு என்ன செய்வது? ஒரு மேம்பாலம் கட்டியதும் நெரிசல் அடுத்த சந்திக்கு நகர்ந்துவிட்டது என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த முறைக்குக் கண் மங்கல். காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து ஓர் அழைப்பு, பதினொரு மணிக்குக் கந்தோரிலிருந்து ஓர் அழைப்பு என்றால், இடையில் எப்போது புறப்பட்டேன், பஸ்ஸிலா ரயிலிலா வந்தேன் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத்தான் செய்மதி வழி இடங்காட்டி. திறன்பேசியில் வரைபடச் செயலி ஓடும்போது, சில மீற்றர் பிழையோடு இருப்பிடம் தெரியும். இதனால் காலி வீதியையும் மரீன் டிரைவையும் பிரித்துவிடலாம். மரீன் டிரைவும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால், அங்கே இடம் மட்டும் போதாது. வேகத்தையும் பார்க்க வேண்டும். சமிக்ஞை விளக்கு எதற்கும் நிற்காமல், நிலையங்களில் மட்டும் நின்று போகிற புள்ளி ரயிலில் இருக்கிறது. மேல்மாடி அக்கா பிடிபட்டுவிட்டார்.

அப்படி வரும் வேகத்தைத்தான் வரைபடம் பச்சையாகவும் சிவப்பாகவும் காட்டுகிறது. வழமையாக ஓடக்கூடிய வேகத்தைவிட மிகக் குறைந்தால் சிவப்பு. இங்கே ஓர் எச்சரிக்கை: சிவப்பு என்றால் மெதுவாக நகர்கிறது என்று மட்டுமே பொருள். எத்தனை வாகனம் போகிறது என்பது வேறு கேள்வி. ஒரு கிலோமீற்றர் நீளத் தடத்தில் 30 கார்கள் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், ஓர் இடத்தை மணிக்கு 1,800 கார்கள் கடக்கும். இரண்டு செக்கனுக்கு ஒன்று. அதே தடத்தில் 90 கார்கள் நெருங்கி, வேகம் 10 ஆகிவிட்டால், கடப்பவை 900. மூன்று மடங்கு கார்கள், பாதிப் பயன். ஓர் எல்லைக்குப் பிறகு கூடுதலாக நுழையும் ஒவ்வொரு காரும் வீதியின் கொள்ளளவையே தின்கிறது. அந்த எல்லை எங்கே, எத்தனை மணிக்கு உடைகிறது என்பதை நாள்தோறும் வரும் தரவு காட்டிவிடும். முன்பென்றால் சந்தியில் ஆள் வைத்து எண்ண வேண்டும்.

காரணமே இல்லாமல் உண்டாகும் நெரிசலும் உண்டு. 2008 இல் வெளியான ஜப்பானிய பரிசோதனை ஒன்றில், 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓடவிட்டார்கள். சந்தி இல்லை, விபத்து இல்லை. சற்று நேரத்தில் ஒருவர் லேசாக பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர் சற்றுக் கூடுதலாகப் பிடிக்க, அது அலையாகிப் பின்னோக்கி நகர்ந்து, சில கார்கள் முற்றாக நின்றுபோயின. காலி வீதியில் அலையைத் தொடங்கிவைக்கக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. பஸ் தரிப்பிடத்துக்குள் போகாமல் வீதியின் நடுவே இருபது செக்கன் நின்றால், இரண்டு செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து வாகனங்கள் பின்னால் தேங்கும். நான் மறுகாலை உள்ளே வைக்க எடுத்த நேரமும் இதில் சேர்த்திதான்.

தரவு பொய் சொல்லவும் கூடும். 2020 இல் வெளியான காணொளி ஒன்றில், ஜெர்மானியக் கலைஞர் ஒருவர் 99 திறன்பேசிகளைச் சிறு கைவண்டியில் போட்டு பேர்லின் தெருக்களில் இழுத்துக்கொண்டு நடந்தார். வெறிச்சோடிய தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பாக மாறியது. நெரிந்து நகரும் ஒரு 138 பஸ்ஸுக்குள் அறுபது தொலைபேசிகள் இருக்கலாம். செயலிக்கு அது அறுபது கார்களாகத் தோன்றிவிடக் கூடாது.

தொலைபேசியே இல்லாதவர்களின் கதை இன்னும் சிக்கலானது. கொழும்பின் காலை நெரிசலில் பாடசாலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏழரை மணிக்கு முன் பிள்ளைகளை இறக்கிவிட வானும் காரும் முண்டியடிக்கும். ஒன்றரை மணிக்கு அதே கூட்டம் திரும்பும். ஆனால் மாணவர்கள் கைத்தொலைபேசியோடு வகுப்புக்குப் போவதில்லை. பதினைந்து பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் வான், தரவில் சாரதி ஒருவர் மட்டுமே. விடுமுறை தொடங்கியதும் வீதி இளகிவிடுவதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகளை மறைமுகமாக எண்ண முடிகிறது. சித்திரைப் புத்தாண்டில் கொழும்பு வெறிச்சோடுவது இதற்கு நேரெதிர்: அப்போது கொழும்புக் கோபுரங்களில் காணாமற்போகும் இணைப்புகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பதுளையிலும் தலைகாட்டுவதைப் பதிவுகளிலேயே பின்தொடரலாம்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று பதினைந்து இலட்சம் பேரின் பதினைந்து மாதப் பதிவுகளைப் பார்த்தது. இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் போதும், நூற்றுக்கு 95 பேரைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று கண்டது. அதனால்தான் ஆய்வாளர்கள் தனி வரிகளை வெளியிடாமல், பகுதிவாரியாகக் கூட்டிய எண்களையே வெளியே விடுகிறார்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது.

என் நான்கு புள்ளிகளைச் சொல்கிறேன். இரவில் வெள்ளவத்தை. பகலில் கோட்டை. வெள்ளி மாலை பம்பலப்பிட்டிக் கோயிலடி. ஞாயிறு மதியம் கொட்டாஞ்சேனையில் அம்மா வீடு. இவ்வளவையும் கேட்டால், எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்காரர் பெயரைக் கேட்க மாட்டார். நான் வாங்கும் சிகரெட்டை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.