முக்காலி, தண்ணீர்ப் பானை, தராசு

ஓணத்துக்கு முந்தின வாரம் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு பெரிய துணிக்கடைக்குள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால், சேலைப் பிரிவில் நிற்கும் பெண்களின் கால்களைக் கவனியுங்கள். உடல் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குதிகால் லேசாக எழும்பும், இறங்கும். செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். காலையில் தளர்வாகக் கிடந்த கொலுசு இப்போது தோலை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்தப் பெண் வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தப்படும் மேலாளர், முதலில் அந்தக் கணுக்காலைப் பார்க்க வேண்டும்.

இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிவிடும். அதை மேலே திருப்பிக் கொண்டுவருவதில் பெரும் பங்கு கெண்டைக்கால் தசைக்கு. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே ஓடும் ஆழமான சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள். அதனால் பிழியப்பட்ட ரத்தம் மேல்நோக்கி மட்டுமே போக முடியும். அசையாமல் நின்றால் இந்த பம்பு நின்றுவிடும். அப்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறுகிறது. சில அடி நடந்தாலே அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். அழுத்தம் மணிக்கணக்கில் நீடித்தால் ரத்தத்திலுள்ள நீர் சிரைக்கு வெளியே கசிந்து பாதம் வீங்கும். வருஷக்கணக்கில் நீடித்தால் வால்வுகள் தளர்ந்து, நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்கிற வெரிகோஸ் வரும். இரவில் கால் கடுத்தால் தூக்கம் கெடும்; தூக்கம் கெட்டவர்களுக்கு மறுநாள் பொறுமை குறையும். வேலையில் மனநிறைவு என்று நாம் பேசுவதில் பாதி இந்தச் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது.

துணிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018-லும், அதன்பின் தமிழ்நாடு 2021-லும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றன. மிக நல்ல சட்டம். ஆனால் இருக்கை வாங்கிப் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் அது தோற்கிறது. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியின் உயரம் 45 செ.மீ. அளவில் இருக்கும். அதில் உட்கார்ந்தால் கவுன்டருக்குப் பின்னால் ஆளே தெரியாது. வாடிக்கையாளர் வந்ததும் கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் சூப்பர்வைசருக்கு வேலை செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டு நாளில் நாற்காலி குடோனுக்குப் போய்விடும்.

கவுன்டருக்கு வேண்டியது 65 முதல் 70 செ.மீ. உயரமுள்ள முக்காலி. பிட்டத்தை அதில் சாய்த்து, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருக்கலாம். பாதம் தரையில் இருக்கும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், எழுந்திருக்க நொடிகூட ஆகாது. கவுன்டரின் அடியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டையோ கம்பியோ பொருத்தினால், ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்கு அது பெரிய ஆறுதல். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷ நடை இருந்தால் பம்பு மறுபடி ஓடத் தொடங்கிவிடும். பில் போட்ட துணியைப் பொதி கட்டும் இடத்துக்குக் கொண்டுபோவதற்கென்று தனி ஆள் வைக்காமல், விற்பவர்களையே முறைவைத்து அனுப்பினாலே போதும், நடை தானாக வந்துவிடும். முக்காலியில் உட்கார்ந்தால் ஏச்சு விழாது என்று முதலாளியே எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் முக்காலி வெறும் அலங்காரம்.

உட்கார்ந்தே செய்யும் வேலையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டி ஆபீஸ்களை எடுத்துக்கொள்வோம். முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். கொட்டையை அவித்து, ஓட்டைத் தட்டி உடைத்து, பருப்பை போர்மா என்ற சூட்டடுப்பு அறையில் உலர்த்தி, மேல்தோலை உரித்து, தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். ஓட்டில் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. தோலைப் புண்ணாக்குவது அவைதான். கையுறை கொடுத்தும் போடுவதில்லை என்று நிர்வாகம் சொல்வது பல இடங்களில் உண்மை. தடித்த கையுறை விரலின் உணர்வைக் குறைக்கும், வேகம் குறையும், கிலோக் கணக்கில் வாங்கும் கூலி குறையும். மெல்லிய கையுறையோ ஓட்டு விளிம்பில் கிழிந்துவிடும். கையளவுக்குப் பொருந்தும் கையுறையைத் தேடிக் கொடுப்பதும், கிழிந்ததும் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்பதும், தேய்த்துக்கொள்ள ஆமணக்கெண்ணெயோ சாம்பலோ பக்கத்திலேயே வைப்பதும்தான் வழி.

தோல் உரிக்கும் இடத்தில் இன்னொன்று நடக்கிறது. தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்து, இடது விரல்களில் பருப்பைப் பிடித்து, வலது கையில் சிறு கத்தியால் தோலைச் சுரண்டுகிறார்கள். விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும், தோள்பட்டையும் கழுத்தும் அசையாமல் இறுகியிருக்கும். இறுகிய தசைக்குள் ரத்தக்குழாய்கள் நசுங்குவதால் ஆக்சிஜன் குறைகிறது, கழிவு தேங்குகிறது. அதிகம் வேலை செய்த விரலைவிடச் சும்மா இருந்த தோள் கூடுதலாக வலிப்பது இதனால்தான். மேசையை முழங்கை மட்டத்துக்கு ஒரு ஐந்து செ.மீ. மேலே உயர்த்தி, 40 செ.மீ. உயர இருக்கையும் சாய முதுகுப் பலகையும் கொடுத்தால் கழுத்துக் குனிவு வெகுவாகக் குறையும். நீண்ட ஒரே இடைவேளையைவிட, மணிக்கொருமுறை மூன்று நிமிஷம் கையைத் தொங்கவிட்டு எழுந்து நிற்பது தசைக்கு நல்லது. வலி தொடங்குவதற்கு முன் எடுக்கிற ஓய்வே ஓய்வு. வலி வந்தபின் எடுப்பது பாதி சிகிச்சை.

இனி வெக்கை. லேசான கைவேலை செய்யும் உடல் மணிக்குச் சுமார் 150 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்குப் பார்த்தால் கால் லிட்டருக்குச் சற்று மேல் வேர்வை போதும். ஆனால் வேர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் உடல் குளிராது, தண்ணீர் மட்டும் நஷ்டம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது ஆவியாவது மந்தமாகிவிடும். ஒரே வெயிலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நிற்பவருக்கும், கொட்டை அவிக்கும் நீராவி பரவிய மூடிய கூடத்தில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வெப்பமானியின் அளவை மட்டும் பார்த்து 'இன்று 32 டிகிரிதானே' என்று சொல்வது தவறு. வேலையிட வெப்பத்தை அளக்கும் முறையில், கூரைக்குக் கீழே ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 சதவீதமும், சுற்றியுள்ள சூட்டை அளக்கும் கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 30 சதவீதமும் எடை தருகிறார்கள். அந்த 70 சதவீதம் ஈரத்துக்குத் தரும் மரியாதை.

காற்றின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மின்விசிறி நன்றாக உதவும். அதற்குமேல், உதாரணமாக போர்மா அறை வாசலில், விசிறி சுடுகாற்றைத்தான் உடலில் அடிக்கும். அங்கே சூட்டை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். உரித்த தோல் பறக்கிறது என்று பீலிங் கூடத்தில் விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். முதுகுப் பக்கமிருந்து மெதுவாக வீசும்படி விசிறியைத் தாழ்த்திவைத்தால் தோலும் பறக்காது, வேர்வையும் காயும்.

தண்ணீர் 15 முதல் 20 நிமிஷத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 முதல் 250 மி.லி. தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கும் நம் வழக்கம் இழந்த உப்பையும் ஈடுகட்டும். இவ்வளவும் தெரிந்தும் பெண்கள் குடிப்பதில்லை. காரணம் கழிப்பறை. 25 பெண்களுக்கு ஒன்று என்ற கணக்கில் 200 பேருக்கு எட்டுக் கழிப்பறை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று நிமிஷம் என்றால், பத்து நிமிஷ டீ இடைவேளையில் எட்டு அறையிலும் சேர்த்துச் சுமார் 25 பேர்தான் போய்வர முடியும். மீதி 175 பேர் அடக்கிக்கொண்டு உட்காருவார்கள். மறுநாள் தண்ணீரைக் குறைப்பார்கள். நீர்ச்சுருக்கு, தலைவலி, கவனக்குறைவு எல்லாம் பின்னாலேயே வரும். புதிய கட்டடம் கட்டுவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இடைவேளையை வரிசை வரிசையாகப் பிரித்துக் கொடுப்பதும், இடைவேளை தவிர்த்த நேரத்திலும் கேட்காமல் எழுந்துபோக விடுவதும். தண்ணீர்ப் பானையை எட்டும் தூரத்தில் வைப்பதும் அதோடு சேர்த்தி. வெக்கை வேலைக்குப் புதிதாக வருபவரை முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் நிறுத்தி, தினமும் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு போனால் உடல் பழகிவிடும்.

ரப்பர் பால்வெட்டில் நேரத்தை மரமே தீர்மானிக்கிறது. விடியலுக்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் உச்சத்தில் இருப்பதால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்குகிறார்கள். அந்த வேலைக்கு மிக முக்கியமான பாதுகாப்பு ராத்திரித் தூக்கம். சாயங்காலம் கூட்டம் வைப்பதும் தாமதமாகக் கணக்குத் தீர்ப்பதும் அதைத் தின்றுவிடும்.

இப்போது தராசுக்கு வருவோம். மனநிறைவை வேறெதையும்விட ஆழமாக அறுப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பீலிங்கில் கூலி எடைக்கு. முழுப்பருப்புக்கு ஒரு மதிப்பு, உடைந்ததற்குக் குறைவு. ஒரு ராத்தலில் (பவுண்டில்) 320 வரை எண்ணிக்கை வரும் முழுப்பருப்புதான் 'டபிள்யூ 320'. எண் கூடக்கூடப் பருப்பு சிறியது. சிறிய பருப்பில் ஒரு கிலோ சேர்க்க அதிகப் பருப்பை உரிக்க வேண்டும். அதற்கும் மேல் போர்மா இருக்கிறது. சூடு போதாவிட்டால் தோல் பருப்போடு ஒட்டிக்கொண்டு, கத்தியால் கிளறித்தான் வரும். சூடு மிஞ்சினால் பருப்பு மொறுமொறுத்து, விரல் பட்டதும் இரண்டாகப் பிளக்கும். இரண்டிலும் உரிப்பவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அன்றைய எடை குறையும், உடைசல் கூடும். தவறு அடுப்பினுடையது, கூலி போவது அவருடையது.

ஜெர்மன் சமூகவியலாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் முன்வைத்த விளக்கம் இதற்கு அப்படியே பொருந்தும். போட்ட உழைப்புக்கும் கிடைத்த பலனுக்கும் பொருத்தம் இல்லாமல் நாளுக்கு நாள் தொடர்ந்தால், உடலின் அழுத்த ஹார்மோன்கள் இறங்கவேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. இதயத்துக்கே அது ஆபத்து. பலன் என்பதில் பணத்தோடு மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் அடக்கம்.

சரிசெய்யும் வழி கடினமில்லை. ஒவ்வொரு போர்மா ஈட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் உலர்த்தி எடுக்கும் பருப்புக்கு, எண் போடுங்கள். உரிக்கக் கொடுப்பதற்குமுன் அதிலிருந்து ஒரு கிலோ எடுத்து, நடுத்தர வேகமுள்ள இருவரிடம் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு உடைகிறது என்று குறியுங்கள். வழக்கத்தைவிட நேரம் கூடினால் அந்த ஈட்டுக்குக் கிலோ விலையைக் கூட்டுங்கள், அல்லது நாள்கூலியாக மாற்றுங்கள். எடை போடும்போது தராசின் எண் உரித்தவருக்குத் தெரியும்படி திரும்பியிருக்கட்டும். சீட்டில் எடையும் ஈட்டு எண்ணும் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஒரே வாரத்தில் போர்மாக்காரருக்கும் தன் சூட்டின் விளைவு எண்களாகத் தெரியவரும். ஆலைக்கும் அதில் லாபம்.

கடைசியாக, தன் வேலையில் தனக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பது. 1979-ல் அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் சொன்னது: வேலைப் பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்ற அதிகாரம் குறைவாக இருந்தால் அதுவே ஆகக் கெட்ட கலவை. லண்டனில் 1985-ல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும், வேலையில் தன் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது. இங்கே அதிகாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வார விடுமுறை எந்த நாள் என்பது பத்து நாளுக்கு முன்பே தெரிவது, ஞாயிறு ஆராதனைக்கோ கோயில் கொடைக்கோ தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடிவது, எந்த இருக்கை என்று தேர்ந்தெடுப்பது, பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுக்க முடிவது.

தொடங்குவதற்கு ஒரு தாள் போதும். முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும் மனித உருவம் ஒன்றை வரைந்து, பெயர் கேட்காமல், எங்கே வலிக்கிறது என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தாளை சூப்பர்வைசர் வாங்கக் கூடாது. வாங்கினால் எல்லாத் தாளும் வெறுமையாகத்தான் வரும். புள்ளிகள் குவியும் இடத்தை மட்டும் எடுத்து, ஒரே வரிசையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் வாரத்து முன்னேற்றத்தை நம்ப வேண்டாம். சிகாகோ அருகே ஹாத்தோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளில், தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே வேலை கூடியது என்றொரு விளக்கம் உண்டு. நான்காவது வாரம் அதே உருவத் தாளை மறுபடி கொடுங்கள். முன்பு இடுப்பில் இருந்த புள்ளிகள் இப்போது கழுத்துக்கு ஏறியிருந்தால், மேசை உயரத்தை இன்னும் இரண்டு செ.மீ. மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.