மூக்கை அறுத்து சகுனத்தடை: இனவெறி ஏன் இன்னும் போகமாட்டேங்குது?

இங்கிலாந்துல நர்ஸா இருக்கிற ஒரு வாசகி அனுப்பின கேள்வி இது. 2024 ஜூலை 29 அன்னிக்கு சவுத்போர்ட்ல மூணு சின்னக் குழந்தைங்க கத்தியால குத்திக் கொல்லப்பட்டாங்க. குத்தினவன் படகுல வந்து இறங்கின அகதின்னு ஒரு பொய் சில மணி நேரத்துல போன் போனா பரவிடுச்சு, அவன் கார்டிஃப்ல பொறந்தவன்னு தெரிய வந்த பிறகும் யாரும் காதுல வாங்கல, ஊர் ஊரா கலவரம், ஆகஸ்ட் 4 அன்னிக்கு ராதர்ஹாம்ல அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தாங்க. அந்த வாரம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தனியா பஸ் ஏறவே பயமா இருந்துச்சுன்னு எழுதிட்டு அவங்க கேக்குறாங்க: "இவ்வளவு படிச்ச நாடு, இவ்வளவு சயின்ஸ் வளர்ந்த நாடு, இன்னும் ஏன் இது போகல?"

பயாலஜி பக்கத்தை முதல்ல சீக்கிரமா முடிச்சிடலாம். நாம எல்லாரும் ஆப்பிரிக்காவுல இருந்து கிளம்பினவங்க, தோல் நிறம்ங்கிறது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிருக்கு ஏத்த மாதிரி மெலனின் கூடினதும் குறைஞ்சதும்தான், இது ஸ்கூல்லயே படிச்சது. 1972ல ரிச்சர்ட் லெவன்டின்ங்கிற மரபியல் விஞ்ஞானி கணக்கு போட்டுக் காட்டினார், மனுஷங்களுக்குள்ள இருக்கிற மரபணு வித்தியாசத்துல சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளயே கிடக்குது, 'இனம்'னு நாம பிரிக்கிற பெரிய கூறுகளுக்கு நடுவுல இருக்கிறது ரொம்பக் கொஞ்சம்னு. அப்ப "அது அவங்க ரத்தத்துலயே ஊறினது"ன்னு சொல்றதெல்லாம் செவ்வாய் தோஷம் மாதிரி ஒரு நம்பிக்கைதான், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இந்த உண்மை தெரிஞ்சு 50 வருஷத்துக்கு மேல ஆச்சு, வெறுப்பு மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு. அப்ப சிக்கல் தோல்லயும் இல்ல, மரபணுலயும் இல்ல, வேற எங்கயோ இருக்கு.

எங்க இருக்குன்னு காட்டினவர் ஹென்றி டாஜ்ஃபெல்ங்கிற சமூக உளவியலாளர். 1919ல போலந்துல பொறந்த யூதர். பிரான்ஸுக்கு படிக்கப் போனவர், போர் வந்ததும் பிரெஞ்சு ராணுவத்துல சேர்ந்து ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா மாட்டினார், பிரெஞ்சுக் கைதிங்கிற கணக்குலயே போர் முடியுற வரைக்கும் உயிரோட இருந்தார். போலந்து யூதர்னு தெரிஞ்சிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். திரும்பி வந்து பாத்தா குடும்பத்துல கிட்டத்தட்ட யாருமே மிஞ்சல. ஒரு காகிதத்துல எந்த குரூப்னு எழுதியிருக்குங்கிறதுல ஒரு உயிர் நிக்குதுங்கிறதை இவரைவிட கிட்டத்துல பாத்த விஞ்ஞானி யார் இருக்க முடியும்?

1970 வாக்குல இவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை செஞ்சார். எனக்கு மனித அறிவியல்ல ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். அவரோட திட்டம் என்னன்னா, குரூப்புங்கிற விஷயத்துல இருந்து எல்லாத்தையும் உருவி எடுத்துடணும். பழைய பகை கிடையாது, போட்டி கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் பாக்கக்கூட கூடாது, வெறும் பேர் மட்டும் இருக்கணும். அந்த நிலைமையில பாரபட்சமே இருக்காது, அதை பூஜ்யம்னு வெச்சுக்கிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்து, எந்த இடத்துல பாரபட்சம் முளைக்குதுன்னு பாக்கலாம்னு நினைச்சார்.

14, 15 வயசுப் பையன்களை ஒரு ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. பவுல் க்ளே, வாசிலி காண்டின்ஸ்கி ரெண்டு பேரோட ஓவியங்களை யார் வரைஞ்சதுன்னு சொல்லாம காட்டி, எது பிடிச்சிருக்குன்னு கேட்டாங்க. நீ க்ளே குரூப்பு, நீ காண்டின்ஸ்கி குரூப்புன்னு பிரிச்சாங்க. உண்மையில பிடிச்சதுக்கும் பிரிச்சதுக்கும் சம்பந்தமே இல்ல, கண்ணை மூடிட்டு பிரிச்சதுதான். அப்புறம் ஒவ்வொரு பையனையும் தனித்தனியா உக்கார வெச்சு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. உன் குரூப்புல யார் யார் இருக்காங்கன்னு தெரியாது, வெறும் நம்பர்தான் தெரியும். நீ போடுற பாயிண்ட்டுக்கு காசு உண்டு, ஆனா உனக்கு நீயே போட்டுக்க முடியாது.

அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு கிட்டப் போய் பாக்கலாம், மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, மொத்தம் 13 ஜோடி எண்கள். மேல் வரிசை 7, 8, 9ன்னு ஒண்ணொண்ணா ஏறி 19ல முடியும், கீழ் வரிசை 1, 3, 5ன்னு ரெண்டு ரெண்டா ஏறி 25ல முடியும். மேல இருக்கிறது உன் குரூப்புல யாரோ ஒருத்தனுக்கு, கீழ இருக்கிறது இன்னொரு குரூப்புல யாரோ ஒருத்தனுக்கு. ஏதாவது ஒரு ஜோடியை டிக் அடிக்கணும். இடது ஓரத்துல 7-1, நடுவுல 13-13, வலது ஓரத்துல 19-25.

இப்ப நீங்களே யோசிங்க, எதை அடிப்பீங்க? கணக்கு தெரிஞ்ச யாரும் 19-25தான் அடிக்கணும். நம்ம ஆளுக்கு கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 19 அங்கதான் இருக்கு, ரெண்டு பேரோட மொத்தமும் அங்கதான் அதிகம், சோதனை நடத்துறவங்ககிட்ட இருந்து வர்ற காசுதானே, முடிஞ்ச மட்டும் கறக்கலாம். ஒரே ஒரு உறுத்தல்தான், அவனுக்கு நம்மாளைவிட 6 பாயிண்ட் கூட போகுது.

பையன்கள் இடது பக்கம் சாஞ்சாங்க.

சமமா பங்கு போடணும்ங்கிற எண்ணமும் அவங்களுக்கு இருந்துச்சு, அதுவும் ஒரு பக்கம் இழுத்துச்சு, அதனால எல்லாரும் போய் 7-1ல விழுந்துட்டாங்கன்னு சொல்லமாட்டேன். ஆனா நம்மாளுக்கு எவ்வளவு கிடைக்குதுங்கிறதைவிட அவனைவிட நம்மாளுக்கு எவ்வளவு கூடங்கிறதுதான் அவங்களை அதிகமா இழுத்துச்சு, அதுக்காக நம்மாளுக்கு வர வேண்டிய பாயிண்ட்டையே விட்டுக்கொடுத்தாங்க! எதிரிக்கு சகுனத்தடை ஆகணும்னு தன் மூக்கை அறுத்துக்கிட்டவன் கதைன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்களே, அதை எண்ணுல எழுதி வெச்ச மாதிரி இருக்கு. அதுவும் எந்த எதிரி? அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஒரே ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச பையன். பூஜ்யம்னு நினைச்சு வெச்ச இடமே பூஜ்யமா இல்ல, சோதனையோட முதல் படியிலயே விடை வந்து நின்னுடுச்சு.

லேப்ல பசங்க விளையாட்டா செஞ்சதுன்னு தள்ளிவிட முடியாது, ஏன்னா இதே கணக்கை ஊரே சேர்ந்து போட்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவுல அலபாமா மாநிலம் மாண்ட்கமரி நகரத்துல பொதுப் பூங்காக்கள்ல இனப் பிரிவினை கூடாதுன்னு வழக்கு வந்தப்போ, நகராட்சி 1959ல பூங்கா எல்லாத்தையும் எல்லாருக்குமே மூடிடுச்சு. ஓக் பார்க்ல வெள்ளைக்காரக் குழந்தைங்க நீச்சலடிச்சுட்டு இருந்த குளத்துல தண்ணியை வெளியேத்திட்டு மண்ணைக் கொட்டி மூடினாங்க. 1965ல பூங்கா திரும்பத் திறந்துச்சு, குளம் வரவே இல்ல. வர்ஜீனியாவுல பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இன்னும் மேல, கறுப்புப் பிள்ளைங்களும் வெள்ளைப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காரக்கூடாதுன்னு 1959ல இருந்து 1964 வரைக்கும் அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டிட்டாங்க. வெள்ளைக்காரங்க தனியார் பள்ளி ஆரம்பிச்சுக்கிட்டாங்க, கறுப்புப் பிள்ளைங்கள்ல பல பேருக்கு அஞ்சு வருஷப் படிப்பு அப்படியே போச்சு. மிசிசிப்பியில ஜாக்சன் நகரமும் நீச்சல் குளங்களை மூடுச்சு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ரெண்டு பேருக்கும் சேர்த்துதானே மூடியிருக்காங்க, இதுல சமத்துவ மீறல் இல்லன்னு 5க்கு 4ங்கிற கணக்குல தீர்ப்பாச்சு. அந்தத் தீர்ப்பு வந்தது 1971, டாஜ்ஃபெல்லோட விரிவான ஆய்வுக் கட்டுரை வந்ததும் அதே வருஷம்.

சரி, அப்ப மனுஷன் பொறப்புலயே இனவெறியனான்னு கேட்டா, இல்ல, இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. டாஜ்ஃபெல்லோட பையன்கள் பங்கு போட்டது நல்லதை. கெட்டதைப் பங்கு போடச் சொன்னா? ஜெர்மனியில அமேலி முமெண்டியோட குழு 90கள்ல அதைச் செஞ்சு பாத்தாங்க. காசுக்கு பதிலா காதுக்கு எரிச்சலான சத்தம், யார் எவ்வளவு நேரம் கேக்கணும்னு நீ முடிவு பண்ணு. சும்மா பேருக்குப் பிரிச்ச குரூப்புகள்ல அந்த ஓரவஞ்சனை காணாம போச்சு. ஆனா உங்க குரூப் சின்னது, உங்க குரூப் மட்டம்னு சொல்லி உக்கார வெச்சா திரும்ப தலை தூக்குச்சு. நம்மாளுக்கு கொஞ்சம் கூட கொடுப்போம்ங்கிறது சும்மாவே வருது, அவனுக்கு வலிக்கணும்ங்கிறதுக்கு மட்டும் நாம கீழ போயிட்டோம், நம்மளை அமுக்குறாங்கங்கிற எண்ணம் தேவைப்படுது. அந்த எண்ணத்தை உண்டாக்குறதுதான் சில அரசியல்வாதிகளுக்கும் சில சேனல்களுக்கும் முழு நேர வேலையே. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு பரவின போலி வீடியோக்களும் இதே சரக்குதான், தெருவுல ஒரு திருட்டு நடந்தா விசாரிக்காமலேயே வடமாநிலப் பசங்கன்னு நாம ஆரம்பிக்கிறோமே, அதுவும் இதே சரக்குதான், நம்ம மேல வந்தப்போ மட்டும் கோபப்பட்டா அது நியாயம் இல்ல.

இன்னொரு சோதனையையும் சொல்லணும். 2001ல கலிஃபோர்னியாவுல ராபர்ட் குர்ஸ்பன், ஜான் டூபி, லீடா காஸ்மிடீஸ் மூணு பேரும் செஞ்சது. சண்டை போட்டுக்கிட்ட ரெண்டு பாஸ்கெட்பால் டீம், ரெண்டுலயும் கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருக்காங்க. ஒவ்வொருத்தர் போட்டோவோடயும் அவர் சொன்ன ஒரு வாக்கியம் வரும், கடைசியில எதை யார் சொன்னாங்கன்னு கேப்பாங்க. ஞாபகம் குழம்பும்ல, எப்படி குழம்புதுங்கிறதுதான் டேட்டா. ஒரு கறுப்பர் சொன்னதை இன்னொரு கறுப்பர் சொன்னதா மாத்தி சொன்னா, மூளை அவங்களை இனம் பாத்து அடுக்கி வெச்சிருக்குன்னு அர்த்தம். எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை இருந்தப்போ இனம் பாத்துத்தான் குழப்பம் அதிகம். டீமுக்கு ஒரு கலர் சட்டை மாட்டினதும் டீம் பாத்து குழப்பம் எகிறிடுச்சு, இனம் பாத்து குழப்பம் நல்லா இறங்கிடுச்சு. நாலு நிமிஷம்கூட ஆகல. ஆணா பெண்ணான்னு அடுக்குறது மட்டும் அப்படி சுலபமா மாறல. அதாவது மூளை தேடுறது தோலை இல்ல, யார் யாரோட கூட்டுன்னு தேடுது, ஊரு தோலை வெச்சு கூட்டு பிரிச்சு வெச்சிருந்தா தோலைப் பிடிச்சுக்கும், அவ்ளோதான்.

இது ரெண்டு பக்கமும் வெட்டும். 2021 ஜூலை 11, வெம்ப்ளியில யூரோ கால்பந்து ஃபைனல், இத்தாலிகிட்ட பெனால்டி ஷூட்அவுட். ரேஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கான்னு கறுப்பின ஆட்டக்காரங்க மூணு பேரும் மிஸ் பண்ற வரைக்கும் அவங்க இங்கிலாந்து ஜெர்சி. மிஸ் ஆன அந்த ராத்திரியே சோஷியல் மீடியாவுல இனத்தை வெச்சு அவங்க மேல விழுந்த வசவு கொஞ்ச நஞ்சம் இல்ல, சாக்காவுக்கு அப்ப 19 வயசு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல கையில கலர் கலரா கட்டுற சாதிக் கயிறும் ஜெர்சிதான். நீதிபதி சந்துரு குழு 2024ல அதைத் தடை பண்ணச் சொன்னது சரி, முழு மனசோட வரவேற்கிறேன், ஆனா அடையாளத்தை மட்டும் அறுத்தா கூட்டு வேற அடையாளத்தைத் தேடிக்கும்ங்கிறதையும் இந்த ஆராய்ச்சி சொல்லுது.

எத்தனை காலம் தேடிக்கும்? நிகோ ஃபோய்க்ட்லேண்டர், ஹான்ஸ் யோவாகிம் ஃபோத்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2012ல வெளியிட்ட கணக்கைப் பாத்து எனக்கு தூக்கமே வரல. 1348-50ல பிளேக் வந்தப்போ, கிணத்துல விஷம் கலந்துட்டாங்கன்னு பழி போட்டு யூதர்களைக் கொன்ன ஜெர்மன் ஊர்கள் உண்டு, கொல்லாத ஊர்களும் உண்டு. அன்னிக்கு கொன்ன ஊர்கள்லதான் 1920கள்லயும் யூதர் மேல தாக்குதல் அதிகம், 1928 தேர்தல்ல நாஜிக் கட்சிக்கு ஓட்டும் அதிகம். நடுவுல 500 வருஷத்துக்கு மேல, அந்த ஊர்கள் பலதுல நூத்துக்கணக்கான வருஷம் யூதர்களே இல்ல! வெறுக்க ஆளே இல்லாத ஊர்ல அப்பா பிள்ளைக்குன்னு வெறுப்பு கைமாறி வந்திருக்கு. ஆனா வெளியூர் வியாபாரத்தை நம்பி வாழ்ந்த, ஹான்சியாட்டிக்ங்கிற பழைய வணிகக் கூட்டமைப்பு நகரங்கள்லயும், ஆளுங்க வந்து குவிஞ்சு வேகமா வளர்ந்த நகரங்கள்லயும் இந்தத் தொடர்ச்சி அறுந்து போயிருக்கு.

எதை வெச்சு அறுக்கலாம்னு நம்ம நாட்டுலயே ஒரு ஆய்வு நடந்திருக்கு. மேத்யூ லோவ் உத்தரப் பிரதேசத்துல பல சாதி இளைஞர்களை வெச்சு மாசக்கணக்குல கிரிக்கெட் லீக் நடத்தி 2021ல முடிவை வெளியிட்டார். ஒரே டீம்ல கலந்து ஆடினவங்களுக்கு வேற சாதி நண்பர்கள் கூடினாங்க, வேற சாதிக்காரங்களை எதிர் டீமா வெச்சு ஆடினா அந்தப் பலன் வரல, தலைகீழாவே போச்சு. இந்த மாதிரி வேலைக்கு பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், பேட்டு, பந்து, பேப்பர், ஒழுங்கா கணக்கெடுக்கிற நாலு ஆளு போதும். நம்ம பல்கலைக்கழகங்கள் ஏன் இதைத் திருநெல்வேலியிலயும் விழுப்புரத்துலயும் செய்யக்கூடாது? ராக்கெட்டுக்கு காசு ஒதுக்கும்போது கைதட்டுற நாம, சமூக அறிவியலுக்கு காசு கேட்டா மட்டும் தண்டச் செலவுங்கிறோம், இது மாறியே ஆகணும்.

அந்தப் பலன் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுதான் இன்னும் பிடிபடல. ஐஎஸ்ஐஎஸ் தாக்குதலால ஊரை விட்டு ஓடின ஈராக் கிறிஸ்தவர்களை வெச்சு சல்மா மூசா ஃபுட்பால் லீக் நடத்தினாங்க, சில டீம்கள்ல மட்டும் முஸ்லிம் ஆட்டக்காரங்களைச் சேர்த்து. கலந்து ஆடின கிறிஸ்தவர்கள் ஆறு மாசம் கழிச்சும் முஸ்லிம்களோட சேர்ந்து பயிற்சிக்கு வந்தாங்க, அடுத்த சீசனுக்கு கலப்பு டீம்ல பேர் கொடுத்தாங்க, நல்ல விளையாட்டுப் பண்புக்கான பரிசுக்கு வேற டீம் முஸ்லிமுக்கும் ஓட்டு போட்டாங்க. ஆனா முஸ்லிம்கள் அதிகமா இருக்கிற மோசூல் நகரம் வரைக்கும் போய் ஒரு ஹோட்டல்ல சாப்பிடுவாங்களா, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வர்ற விழாவுக்கு வருவாங்களான்னு பாத்தா, அதுல மாற்றம் தெரியல. 2020ல வந்த முடிவு இது, மைதானத்துல பிறந்த நம்பிக்கையை தெருவுக்கு எப்படி கொண்டு போறதுன்னுதான் இப்ப இந்தத் துறையில இருக்கிறவங்க மண்டையை உடைச்சுக்கிறாங்க.