சத்து மாத்திரை டப்பாவில் லித்தியம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, 29 வயதுப் பையன் ஒருவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். கை இரண்டும் உதறிக்கொண்டிருந்தன. பேச்சு குழறியது. நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் இருந்தவன், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பித்ததும், பிசாசு போராடுகிறது என்று சுற்றி நின்று இன்னும் சத்தமாக ஜெபித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வாந்தி. அப்போதும் "விடுதலை வருது" என்றார்களாம்.

பணியில் இருந்த மருத்துவர் அம்மாவிடம் கேட்டார்: "ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?" அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். "சத்து மாத்திரைதான் சார்." பக்கத்தில் சபைச் சகோதரிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சலைன் ஏற்றினார்கள், சர்க்கரை பார்த்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது. சகோதரிகள் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அந்த அம்மா நர்ஸின் காதருகே போய்ச் சொன்னார்: "அது சத்து மாத்திரை இல்லம்மா. ஆறு வருசமா லித்தியம் சாப்பிடுதான். சபையில யாருக்கும் தெரியாது."

லித்தியம் பைபோலார் என்ற மனநோய்க்குத் தரும் மாத்திரை. ரத்தத்தில் அது 2.8 இருந்தது. இருக்க வேண்டியது 0.6 முதல் 1.0 வரை. அன்றிரவே டயாலிசிஸ் செய்தோம். பிழைத்துவிட்டான். ஆனால் நேற்று ஓ.பி.க்கு வந்தபோதும் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தண்ணீர் குடித்தான்.

அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். இந்த வருடத்தில் இது எனக்கு முதல் சம்பவம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நானும் சபையில் வளர்ந்தவள்தான். பாமாலைப் புத்தகத்தைத் திறக்காமல் பாதிப் பாட்டைப் பாடிவிடுவேன். ஜெபத்துக்கு விரோதமாக ஒரு வார்த்தை எழுதவும் எனக்கு மனம் இல்லை. மறுநாள் காலையில் அந்தச் சபையின் போதகர் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரிஞ்சிருந்தா உபவாசமே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே டாக்டர்" என்றார். நான் அவரை நம்புகிறேன். ஆனால் அவருக்கு ஏன் தெரியாமல் போனது? ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்த குடும்பம் ஏன் ஒரு டப்பாவின் பெயரை மாற்றி வைத்துக்கொண்டு வந்தது?

அந்தச் சபையில் சாட்சி நேரத்தில் என்ன சொல்லப்பட்டது என்று அம்மாவே சொன்னார். "மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டேன், கர்த்தர் சுகம் தந்தார்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார், மடியில் இருந்த கைப்பைக்குள் மகனின் மாத்திரையோடு. அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பார்? போதாததற்கு, "தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பாவ டாக்டர்?"

மனநல மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். இதை யார் முதலில் சொன்னார்களோ தெரியவில்லை, வேதத்தில் அப்படி எங்கும் இல்லை. எசேக்கியா ராஜாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாகப்போகிறாய் என்று கேட்டவுடன் சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, 15 வருடம் கூட்டித் தரப்பட்டது. வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது என்ன? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப் போடுங்கள் என்றார். போட்டார்கள், பிழைத்தார். சுகம் தருகிறேன் என்று தேவன் சொன்ன பிறகுதான் பற்று போடச் சொல்லப்பட்டது. அந்தப் பற்றை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்கா வைத்தியர். அதை மறைக்காமல் "பிரியமான வைத்தியன்" என்றே பவுல் எழுதினார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கிறவரிடம் உங்கள் விசுவாசம் எங்கே என்று நாம் கேட்பதில்லை. இன்சுலின் போடுகிறவரிடம் கேட்பதில்லை. மூளைக்கு என்று வரும்போது மட்டும் கேட்கிறோம். மூளையும் அவர் உண்டாக்கிய உறுப்புதானே!

எலியாவையும் நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. விசுவாசக் குறைவு என்று அவரைச் சொல்ல முடியுமா? தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டான், தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். மனச்சோர்வோடு வருகிறவருக்கு முதல் வாரத்தில் நாங்களும் தூக்கத்தையும் சாப்பாட்டையும்தான் முதலில் கவனிப்போம்.

1838-இல் குமரி மாவட்டத்து நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கிய மரபு நம்முடையது. வேலூரில் மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் மருத்துவ வேலையை ஆரம்பித்தார்; அதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மருத்துவமனையில் 1957-இல் மனநல மையம் வந்தபோது, நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது சபை கொடுத்த முன்மாதிரி. அதே சபையின் பிள்ளைகள் இன்று மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள்.

இனி நேரடியாகச் சில விஷயங்கள்.

லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் இல்லாத உபவாசம் இருக்கவே கூடாது. வெயிலில் நாள் முழுக்க வேலை, வாந்தி பேதி, மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை எல்லாமே அளவை ஏற்றும். கை உதறல், தள்ளாட்டம், குழறல், வாந்தி தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபித்துக்கொண்டே போங்கள், ஆனால் போங்கள். இதையெல்லாம் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. நம்மில் பலர் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பைபோலார், அதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் உள்ளவருக்கு முழு இரவு ஜெபம் வேண்டாம். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மேனியா என்ற அந்த மிதமிஞ்சிய உற்சாக நிலை கிளம்பக்கூடும். திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், மணிக்கணக்காகப் பிரசங்கித்து, வீட்டு நகையை எல்லாம் காணிக்கைப் பெட்டியில் போடுகிறவரைப் பார்த்து "ஆவியில் நிறைந்திருக்கிறார்" என்று சந்தோஷப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பத்து நாளில் அதே மனிதரைக் கயிற்றால் கட்டிக் கூட்டி வருவார்கள். கட்டாதீர்கள். யாரையும் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். ஓடித் தப்பிக்க அவர்களுக்கு வழியில்லை.

"நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு மாத்திரை?" மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறான். நிறுத்தலாமா, எப்போது, எவ்வளவு மெதுவாக என்பதை எங்களோடு பேசி முடிவு செய்யுங்கள். சாட்சி சொல்வதற்காக நிறுத்தாதீர்கள். சாட்சி சொல்லத்தான் வேண்டுமென்றால், "நாலு வருசமா மாத்திரை சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பின்வரிசையில் ஒரு தாய் அழுவார்.

கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்துக் கட்டி வைக்காதீர்கள். சரியாகாது. புகுந்த வீட்டில் குளியலறைக்குள் போய் ஒளித்து மாத்திரை போடுகிற பெண் இரண்டாம் மாதம் நிறுத்திவிடுகிறாள். ஐந்தாம் மாதம் நோய் திரும்புகிறது. "ஏமாத்திட்டாங்க" என்று இரு வீட்டாரும் ஆலய முற்றத்தில் நின்று சண்டை போடுகிறார்கள். பைபோலாருக்குத் தரும் இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண்ணாக இருந்தால் இன்னும் ஆபத்து. அது கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கும், கல்யாணத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். நிச்சயத்துக்கு முன் இரு வீட்டாரும் ஒன்றாக வாருங்கள். அப்படி வந்து, எல்லாம் தெரிந்து கட்டிக்கொண்டு, நல்லபடியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு நானே போய்வந்திருக்கிறேன்.

போதகர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். எங்களிடம் வருவதற்கு முன் ஜனங்கள் உங்களிடம்தான் வருகிறார்கள். உபவாசக் கூட்டத்துக்குப் பெயர் எழுதும்போதே, "யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தனியாக வந்து சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அறிவியுங்கள். வந்து சொன்னதைப் பிரசங்கத்தில் உதாரணமாக்காதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் சின்ன ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். சாகணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பாவம் என்று ஆரம்பிக்காதீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். கேளுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே கூட்டி வாருங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. இரவு எந்நேரமும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மாத்திரை இலவசம்.

குடும்பத்தாருக்கு: மாத்திரையை அதன் அட்டையோடு வையுங்கள். டப்பா மாற்றாதீர்கள், பெயரைக் கிழிக்காதீர்கள். அவசரத்துக்கு வரும்போது யார் பக்கத்தில் நின்றாலும் உண்மையைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையைப் பற்றி இப்போதே பலர் கேட்கிறார்கள். அது முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும். இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு வீட்டில் தூங்குங்கள். காலை ஆராதனைக்குப் போகலாம். புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வீட்டில் யாராவது உங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்திருப்பார்கள்.